இரண்டு மணி பத்து நிமிடம்

டுமேனி முதல் அடி எடுத்து வைக்கும் முன் மஞ்சள் பலகையைப் பார்ப்பார், பிறகு கைக்கடிகாரத்தை, அதன் பிறகுதான் வானத்தை. மலைமேல் பயணிகள் தங்கும் உரேஸ் குடிலுக்கு நடந்தால் இரண்டு மணி பத்து நிமிடம் என்கிறது பலகை. எங்கள் சூர்வால் கிராமத்தில் தேவாலய மணி பிசகினாலும் பிசகும், நடைபாதைப் பலகை பிசகாது. முப்பத்தொரு வருடமாக அந்தப் பலகைகளுக்குக் காவலர் அவர்தான்.

பயணிகள் வழி கேட்டால் அவர் வாயிலிருந்து ஒரே பதில்தான் வரும்: "பலகையில போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?" குழந்தையோடு வந்திருக்கிறோம், கொஞ்சம் மெதுவாக நடப்போம் என்று ஒரு அம்மாள் கெஞ்சினாள். "குழந்தைக்குத் தனி மலையா வச்சிருக்கோம்?" என்றார்.

இப்போது அக்டோபர். மாடுகள் மேய்ச்சல் முடிந்து மலையிலிருந்து இறங்கிவிட்டன, விடுதிகள் சன்னல் கதவுகளை மூடிவிட்டன, கம்பிவட வண்டி பழுது பார்ப்பதற்காக வயிறு திறந்து கிடக்கிறது. லார்ச் மரங்கள் மஞ்சளாகி ஊசி ஊசியாக இலை கொட்டுகின்றன. எதிர்ச் சிகரத்துப் பனிக்கோடு ஒவ்வொரு காலையும் ஒரு முழம் கீழே இறங்கி, ஊரை வேவு பார்க்கிறது. விருந்தாளிகள் யாருமில்லாத இந்த நாலு வாரம்தான் எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் மலையில் தாங்களே நடக்கும் காலம். டுமேனியும் அவர் மனைவி நேசாவும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், முதல் பனிக்கு முன்னால், ஒருமுறை சேர்ந்து குடிலுக்கு ஏறுவார்கள். நாற்பது வருட வழக்கம். எப்போதும் இரண்டு மணி பத்து நிமிடம்.

இந்த வருடம் நேசாவின் நுரையீரல் கட்சி மாறிவிட்டது. செப்டம்பரில் ஏறிப் பார்த்தாள். பாதி வழிக்கே இரண்டு மணி நேரம் ஆனது. அக்டோபர் முதல் வாரத்தில் மூன்றாவது பலகையிலேயே திரும்பிவிட்டாள். கீழே நகரத்து மருத்துவர் நிறைய மாத்திரை எழுதிக் கொடுத்தார். குளிர்காலத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். பனி உருகும் மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நேசாவுக்கு அது புரிந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "பனி விழறதுக்குள்ள ஒரு தடவ குடிலுக்குப் போயிடணும், கிழவா." ஆனால் ஏறும்போதெல்லாம் ஒவ்வொரு பலகையிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே கணக்குப் பார்ப்பாள். "இதுபடி பாத்தா நாம இந்நேரம் சூப்பு குடிச்சு, ஏப்பமும் விட்டிருக்கணும்." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். மறுநாள் படுக்கையை விட்டு எழமாட்டாள்.

டுமேனி ஊராட்சி மன்றத்துக்கு மனு எழுதினார். பலகையில் உள்ள நேரத்தை நான்கு மணியாகத் திருத்த வேண்டும் என்று கோரிக்கை; மலை வளர்ந்துவிட்டது என்று காரணம். நாய்க்கழிவுப் பெட்டி விவகாரத்துக்கும் வாகன நிறுத்த விவகாரத்துக்கும் நடுவே மன்றம் அதை ஆழ்ந்து பரிசீலித்தது. 'மலையின் உயரத்தில் மாற்றம் ஏதும் பதிவாகவில்லை' என்று முத்திரையோடு பதில் வந்தது.

பனிச்சரிவு விழும் பாதையில் உள்ள பலகைகளை அக்டோபர் கடைசி வாரத்தில் கழற்றி உள்ளே வைப்பது அவருடைய வேலை. பதில் வந்த மறுநாள், அதாவது பதினைந்து நாள் முன்னதாகவே, ஏழு பலகைகளையும் ஒரே காலையில் கழற்றிவிட்டார். அன்று மதியம் வெளியூர்த் தம்பதி ஒன்று குடிலைத் தேடிப் போய் ஒரு ஆட்டுக்கொட்டிலில் புகுந்தது. அலுவலகத்திலிருந்து எழுத்தர் செவெரின் தொலைபேசியில் கத்தினான்.

"யாரக் கேட்டுக் கழட்டினீங்க பெரியவரே?"

"பனி வருதுப்பா."

"ஞாயித்துக்கிழமதான்னு அறிக்கையில போட்டிருக்கே!"

"மலைக்கு எங்கப்பா படிக்கத் தெரியும்?"

சனிக்கிழமை காலை டுமேனியும் நேசாவும் கிளம்பினார்கள். மடக்கு நாற்காலியைச் சுமக்க என்னை அழைத்திருந்தார். பலகையில்லாத கம்பங்களைத் தாண்டித் தாண்டி நடந்தோம். இருபது அடிக்கு ஒருமுறை நேசா நின்றாள். அப்போதெல்லாம் டுமேனி தன் காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். அந்தக் காலணி அன்று கட்டப்பட்டதுபோல் எந்தக் காலணியும் கட்டப்பட்டிருக்காது.

நண்பகல் தாண்டி, மரங்கள் முடியும் இடத்தில், அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உதடு நீலமாகியிருந்தது. குடில் இன்னும் கண்ணில் படவில்லை.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்றாள்.

டுமேனி கம்பத்தைப் பார்த்தார். திருகாணி ஓட்டைகள் இரண்டுதான் இருந்தன.

"வந்தாச்சு," என்றார்.

பையிலிருந்து கட்டம் போட்ட துணியை எடுத்துப் பாறைமேல் விரித்தார். சுடுகுடுவையில் பார்லி சூப்பு, உலர்ந்த மாட்டிறைச்சி, குடிலின் பீங்கான் கிண்ணங்கள், கடைசியாகக் குடிலின் வருகைப் புத்தகம். கிண்ணங்களையும் புத்தகத்தையும் முந்தின நாள் தனியாக ஏறிப் போய்க் கொண்டுவந்திருக்கிறார்.

நேசா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "குடிலே எறங்கி வந்துடுச்சா?"

"அதுக்கும் வயசாச்சுல்ல. மேல ஒரே குளிராம்."

"உன்னமாதிரி பொய்யும் பேசக் கத்துக்கிச்சா?"

"சூப்பு ஆறுது, குடி."

அவள் இரண்டு கரண்டி குடித்தாள். பிறகு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள். பெயர்: நேசா. எங்கிருந்து: சூர்வால். நடந்த நேரம்: இரண்டு மணி பத்து. எழுதிவிட்டு அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். நேர விஷயத்தில் சொந்தத் தம்பியோடு ஏழு வருடம் பேசாதிருந்த மனிதர், "சரியா இருக்கு," என்றார்.

மலைக் குடில்களின் புத்தகத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. யாராவது காணாமல் போனால் மீட்புக்குழு எந்தத் திசையில் தேடுவது என்று தெரிவதற்காக. 'இங்கிருந்து அடுத்து எங்கே?'

நேசாவின் பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது. காற்றில் லார்ச் ஊசிகள் தாளில் வந்து விழுந்தன. அவள் அவற்றைத் தட்டிவிட்டாள். பேனா அங்கேயே நின்றது.

டுமேனி குனிந்து, அவள் விரல் உள்ளே இருக்கும்போதே, புத்தகத்தை மெதுவாக மூடினார்.