ஒன்றரை கிலோ ஓம்

இது நடந்தது. கண், காது, மூக்கு வைத்துச் சொல்கிற கதை இல்லை. நடந்ததும் பட்டப்பகலில், மழை கொட்டிய ஒரு விடுமுறை நாளில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? பார்த்தவளும் பயந்தாங்கொள்ளி அல்ல. வருடக்கணக்கில் மின்சாரத்தோடு குடித்தனம் நடத்தியவள்.

வீட்டுச் சாதனங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புச் சோதனை அவள் வேலை. ஒரு சாதனத்தைத் தொடுகிறவரின் உடம்பு வழியாக எவ்வளவு மின்சாரம் கசியும் என்று அளந்து சொல்ல வேண்டும். அளவில் மயிரிழை விட்டுக்கொடுக்க மாட்டாள். அதனால் எல்லோருக்கும் அவள் ‘கறார்’. சோதனைக்கூடத்தின் தலைவி அவளுடைய சொந்த அக்கா. அம்மா போன பிறகு தலை பின்னிவிட்டவள், தொழில் கற்றுக்கொடுத்தவள். உலகத்தையே அளந்து பார்த்த கறார், அக்காவின் சொல்லுக்கு மட்டும் மீட்டர் வைத்ததில்லை.

முந்தின நாள் அக்காதான் சொன்னாள்.

“ரெண்டு மீட்டர்ல எது நமக்குன்னு முடிவு பண்ணணும்டி. நாளான்னைக்கு வெளியாளுங்க ஆய்வுக்கு வர்றாங்க. நாளைக்கு லீவு, நிம்மதியா ஒப்பிட்டுப் பாரு. பழசு செத்துப்போச்சு, எனக்குத் தெரியும். ஆனா நீ சொன்னாதான் எடுபடும்.”

“ஏன், தலைவி சொன்னா எடுபடாதா?”

“தலைவி சொன்னா தலையாட்டுவாங்க. கறார் சொன்னா நம்புவாங்க.”

இருவரும் சிரித்தார்கள்.

பழைய மீட்டர் கனமான பெட்டி. மனித உடம்பைப் போலவே மின்சாரத்தைத் தாங்கும் ஒரு சுற்று அதற்குள் உண்டு. மின்சார அலை எப்படி நெளிந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லும். மஞ்சள் மீட்டர் கைக்கு அடக்கம், விலையும் மலிவு. அலை சீராக இருந்தால் சரியாகச் சொல்லும், வெட்டுப்பட்ட அலை என்றால் குறைத்துச் சொல்லிவிடும். பழையது சில மாதங்களாக அக்காவின் அலமாரியில் முடங்கிக் கிடந்தது. அத்தனை நாளும் மஞ்சளை வைத்துத்தான் ஒப்பேற்றினார்கள்.

ஆளில்லாத கூடம். கூரையில் மழை. சோதனைக்குக் கால் குளியல் தொட்டி ஒன்றை எடுத்துக்கொண்டாள். வெந்நீரில் பாதங்களை ஊறவைக்கும் பிளாஸ்டிக் தொட்டி, தானே சூடேற்றும், தானே அதிரும். உள்ளங்கை அளவுக்கு அலுமினியத் தாளை வெட்டி அதன் பக்கவாட்டில் ஒட்டினாள். சோதனையில் அந்தத் தாள்தான் மனிதக் கை.

மஞ்சள் சொன்னது: 0.17 மில்லி ஆம்பியர். எல்லை 0.25. தேர்ச்சி.

பழையதை மாட்டினாள்.

0.41.

புருவம் சுருங்கியது. தொட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். எண் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும்.

0.41.

மீட்டரின் கம்பிகளையும் கழற்றினாள். இப்போது அது எதோடும் சேரவில்லை. ஆனாலும் 0.41. அக்கா சொன்னது சரிதான், பெட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. நிம்மதியாகக்கூட இருந்தது. போன் செய்தாள்.

“அக்கா, உன் பழசு உளறுது. சும்மா வச்சாலே புள்ளி நாலு ஒண்ணு.”

“என்னது... நம்பர் காட்டுதா?”

“ஆமா. ஏன்?”

“ஒண்ணுமில்ல. அதான் சொன்னேனே, கெட்டுப்போச்சு. மஞ்சள்தான் சரின்னு முடிச்சிட்டுக் கிளம்பு. இருக்காத அங்க.”

அந்தக் குரலில் ஏதோ இடறியது. ஆனால் அக்காவாயிற்றே.

கிளம்பியிருக்கலாம். கறார் ஆயிற்றே, கிளம்பவில்லை. பழைய பெட்டிக்குள் இருக்கும் உடம்புச் சுற்றை மஞ்சளால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மஞ்சளை ஓமுக்கு, அதாவது மின்தடை அளக்கும் நிலைக்கு, திருப்பி வைத்தாள். அதன் இரண்டு முனைகளும் ரப்பர் விரிப்பில் எட்ட எட்டக் கிடந்தன. எதையும் தொடவில்லை. திரையில் வெறும் கோடுதான் இருக்க வேண்டும்.

தொள்ளாயிரம் கிலோ ஓம்.

உலர்ந்த கைகளால் ஒருவர் இரண்டு முனைகளையும் பிடித்தால் வரும் எண்.

நானூறு.

தொண்ணூறு...

தோல் நனைய நனைய எண் இறங்கும். அது அவளுக்குத் தெரியும்.

இருபது...

ஐந்து...

ஒன்றரை.

அங்கேயே நின்றது.

முழுக்க நனைந்த உடம்பு.

சர்ரக்...

தொட்டிப் பக்கம். காற்று இல்லை. அலுமினியத் தாள் தானாகச் சுருங்கியது. ஒரு குழி. இன்னொன்று. ஐந்து குழிகள். வழுக்கி... மறுபடி அழுத்தி... எதையாவது பிடித்துக்கொள்ளத் தவிப்பது போல.

சர்ரக்...

அவள் வாசலுக்கு ஓடினாள். போனில் அக்காவை அழைத்தாள்.

“அக்கா... தாள்ல கை பதிஞ்சிருக்கு.”



“சின்னக் கையா?”

அவள் சின்னது என்று சொல்லவே இல்லை.

மழையில் நனைந்தபடி நின்றாள். உள்ளே இருந்ததைவிட இந்தக் கேள்விதான் முதுகைச் சில்லிடவைத்தது.

“அக்கா. உனக்கு எப்படித் தெரியும்?”

அக்கா சொன்னாள். போன தடவை அனுப்பிய தொட்டிகளில் ஒன்று, நாளாக நாளாகக் கசிவு கூடிப்போனது. ஒரு வீடு. தாய் அடுப்படியில் இருந்தாள். குழந்தை தண்ணீரில் விளையாடியது. பிறகு எழவில்லை.

“மஞ்சள்ல பாஸ் ஆச்சுடி. பழசுல பெயில். சரக்கு நின்னா எல்லாருக்கும் வேலை போயிடும்னு மேலிடத்துல சொன்னாங்க. உனக்கும்தான்.”

“சரி. ஒப்பிடுற வேலையை ஏன் என் தலையில கட்டினே?”

விடையையும் அவளே சொன்னாள்.

“நாளைக்கு அவங்க கேட்டா, மஞ்சள்தான் சரின்னு சொன்னது நானா இருக்கணும். அதானே?”

“நீ பொய் சொல்ல வேண்டியதில்லையேடி. நீ பார்த்ததைத்தானே சொல்லப்போற.”

அந்த இரவு அவள் தூங்கவில்லை. பேயை நினைத்து அல்ல. தலை பின்னிய விரல்களை நினைத்து.

மறுநாள் ஆய்வுக்கு வந்தவர்களிடம் சொன்னாள்: பழையதுதான் சரி, தொட்டி பெயில். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் பழைய மீட்டரை உறையிட்டு, மீட்டர்களைச் சரிபார்க்கும் வெளிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அதைத் திறந்தபோது இவளும் உடனிருந்தாள்.

பழுது பார்ப்பவர் மூடியைக் கழற்றினார். தலையைச் சொறிந்தார்.

“இதுல என்னத்தம்மா அளந்தீங்க?”

“ஏன்?”

“உள்ள உடம்புச் சுற்றே இல்ல. யாரோ வெட்டி எடுத்துட்டாங்க. திரை எரியும், ஆனா எதை மாட்டினாலும் பூஜ்யம்தான் காட்டும். வேற எண் வர வழியே இல்ல. வெட்டின இடம் கறுத்துப்போச்சு பாருங்க, மாசக்கணக்கு ஆகியிருக்கும்.”

அப்படியானால் அந்த 0.41?

அதற்கு இன்றுவரை விடையில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு கம்பிகள். சாய்வாக வெட்டி, ஒவ்வொரு முனையும் பின்னுக்கு மடித்துவிடப்பட்டிருந்தது. வெட்டிய கம்பியை அப்படி மடித்துவிடுகிற ஆள் ஒரே ஒருத்திதான். தங்கை வேலை கற்றுக்கொண்ட நாட்களில், அவள் விரலில் குத்திவிடக் கூடாது என்று அக்கா பழகிக்கொண்டது.