மூன்று வேலை நாட்களில் பதில் வரும்

போர் விமானங்களை நினைத்து எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது வானத்தைப் பார்த்தபோது அல்ல. ஒலுவில் கரையில், மீன் வாடி என்ற தகரக் கொட்டகைக்குள், ரேடியோ செட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது.

கடந்த சனிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். செட்டுக்குள்ளிருந்து என் மச்சான் நௌஷாத்தின் குரல் வந்தது. என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். நான்கு பேர் போகும் ஆழ்கடல் படகொன்றின் தண்டயல் — படகை நடத்துபவர். புறப்பட்டு மூன்று நாள். அன்று திரும்பி வர வேண்டிய நாள்.

"டேய், இந்த மெசின் என்னமோ நம்பர் கேக்குது. என்னத்தடா அடிக்கிற?"

அதே நொடியில், சம்பந்தமே இல்லாததுபோல் ஒரு போர் விமானம் ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டு வாரத்துக்கு முன் இதே பத்தியில் நான் குதித்துக் குதித்து எழுதிய விமானம்தான். 'பறக்கும் கொம்பியூட்டர்' என்று புகழ்ந்திருந்தேனே... விமானியின் தலைக்கவசத்துக்குள்ளேயே படம் தெரியும், எதிரி அவனைக் காணுமுன் அவன் எதிரியைக் காண்பான் என்றெல்லாம். அதற்கு ஒரு வாசகர் ஒற்றை வரியில் கேட்டிருந்தார்: "தம்பி, அந்த சொப்ட்வெயரின் சாவி யார் கையில்?"

நான் பதில் போடவில்லை. விமானத்தின் வேகத்தைப் பற்றிக் கேட்டிருக்கலாமே என்று நினைத்தேன்.

மச்சானின் மெசினைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு ஸ்கிரீன். படகு எங்கே நிற்கிறது, கரை எந்தப் பக்கம், அடியில் எவ்வளவு ஆழம் — எல்லாம் காட்டும். ஆனால் தண்டயல்மாருக்கு அதற்குள் இருக்கும் சொத்து வேறு. மீன் கூடும் கடலடிப் பாறைகளை இங்கே 'பார்' என்பார்கள். எந்தப் பார் எங்கே என்று வருடக்கணக்காகத் தேடிப் பதிந்த புள்ளிகள் அத்தனையும் அதற்குள்தான்.

துறைமுக வாயிலுக்கான வழியும் அதற்குள்தான். அந்த வாயிலில் மணல் ஓரிடத்தில் நிற்காது. இந்த மாதம் ஆழமாக இருந்த இடம் அடுத்த மாதம் இடுப்பளவு தண்ணீர். அதனால் பத்திரமாக வெளியே போன கோட்டை மெசினில் பதிந்துகொண்டு போவார்கள். அதே கோட்டைப் பிடித்துத் திரும்பி வருவார்கள். கோடு தவறினால் படகு மணலில் குத்தும். பின்னால் வரும் அலை பிரட்டிப் போடும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைக்கலாமே?

மாட்டார்கள். எழுதினால் அடுத்த படகுக்காரன் பார்த்துவிடுவான்! மச்சான் என் முன்னாலேயே ஸ்கிரீனை ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால்தான் பட்டன் அமத்துவார். நான் கல்முனைக்குடியில் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் வகுப்பு எடுப்பவன். பாறைக்கும் எனக்கும் என்ன? ஆனாலும் மறைப்பார்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பத்து நாளைக்கு முன் அந்த மெசினுக்குப் புது அப்டேட் வந்திருப்பதைக் கண்டுபிடித்தவன் நான். யாராவது கேட்டார்களா? இல்லை. லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நானே படகில் ஏறினேன்.

"மச்சான், இனி மீன் கூட்டம் கலர்ல தெரியும்."

"ஓடுற மெசின ஏன்டா நோண்டுறாய்?"

"அஞ்சு நிமிச வேல மச்சான்."

ஐந்து நிமிடம்தான் எடுத்தது. நடுவில் நீளமாக ஒரு ஒப்பந்தம் வந்தது. வாசிக்காமல் 'சம்மதம்' என்றேன் — நீங்கள் வாசிப்பீர்களா? 'உங்கள் கருவியைப் பதிவு செய்க' என்றது. 'பிறகு' என்பதை அமத்தினேன். மீன் கலரில் தெரிந்தது. மச்சானே சிரித்தார்.

அந்தப் 'பிறகு'க்குப் பத்து நாள்தான் ஆயுள் என்பது எனக்குத் தெரியாது. பத்தாவது நாள், நடுக்கடலில், கோடும் இல்லை, பாரும் இல்லை. கறுப்பு ஸ்கிரீனில் ஒரு நீண்ட இலக்கம். கீழே ஒரு வெற்றுக் கட்டம்.

மச்சான் இலக்கத்தை வாசித்தார். அந்தக் கட்டத்துக்குரிய நம்பரை வாங்க நான் போனில் கம்பனியின் இணையப் பக்கத்தைத் திறந்து அடித்தேன். 'உங்கள் நாட்டைத் தெரிவு செய்க.' ஆங்கில வரிசையில் கீழே போனேன். ஸ்பெயின் இருந்தது. அதற்கு அடுத்தது சூடான். இடையில் இருக்க வேண்டிய நாங்கள் இல்லை!

'மற்றவை' என்றேன். உடனே ஈமெயில் வந்தது. உங்கள் கோரிக்கை கிடைத்தது. மூன்று வேலை நாட்களில் பதில் வரும். பொறுமைக்கு நன்றி.

அன்று சனிக்கிழமை. அவர்கள் ஊரில் வேலை நாள் என்று ஒன்று பிறக்கவே இன்னும் இரண்டு நாள்.

வாடைக் காற்று அன்றுதான் எழும்பத் தொடங்கியிருந்தது. வாடியின் தகரம் படபடத்தது. செட்டைப் பார்த்துக்கொள்ளும் மஜீத் காக்கா வெளியே போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பின்னேரத்துக்குள்ள உள்ளுக்கு எடுக்கணும் தம்பி. மறுகா வாயில் அடைபட்ட மாதிரித்தான். அவனுகளுக்கு டீசலும் மட்டுமட்டு."

"போன்ல ஜீ.பி.எஸ். இரிக்கே காக்கா?"

"கரை எங்கெண்டு போன் சொல்லும். மணல் எங்கெண்டு சொல்லுமா?"

சொல்லாது. எந்த வரைபடத்திலும் இல்லாத மணல் அது.

அங்கே நின்றபடியேதான் அந்த வாசகரின் கேள்வி எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு இந்தக் கிழமை முழுக்க வாசித்தேன். வாசிக்க வாசிக்கத் தூக்கம் கெட்டது.

இன்றைய போர் விமானம் ஒன்றை வாங்கும் நாடு, இரும்பை மட்டும்தான் முழுதாக வாங்குகிறது. உள்ளே ஓடும் சொப்ட்வெயரைத் திறந்து பார்க்க, வாங்கிய நாட்டின் பொறியியலாளர்களுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. எந்த ராடார் யாருடையது, எந்த ஏவுகணை எப்படி வரும் என்று விமானத்துக்குச் சொல்லிக் கொடுக்கும் தரவுகளைத் தயாரிப்பது பல நேரங்களில் விற்ற நாடு. எந்த உதிரிப்பாகம் தேய்ந்தது என்பதுகூட விற்றவனின் சேர்வருக்குப் போய்த்தான் வருகிறது.

தூரத்திலிருந்து விமானத்தை நிறுத்த இரகசிய பட்டன் ஒன்று இருக்கிறதா என்று பெரிய பெரிய நாடுகளே கவலைப்படுகின்றன. இல்லை என்கிறார்கள் விற்பவர்கள். உண்மையாகவும் இருக்கலாம்.

ஆனால் பட்டன் எதற்கு? மச்சானின் மெசினை யார் நிறுத்தினார்கள்? எந்த எதிரியும் இல்லை. எங்கோ ஒரு ஒபிஸ் பூட்டியிருந்தது. ஒரு பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டிருந்தது. அவ்வளவுதான்! ஒரு அப்டேட் வராமல் இருந்தால் போதும். ஒரு அரசாங்கத்துக்கு இன்னொரு அரசாங்கத்தோடு மனக்கசப்பு வந்தால் போதும். விமானம் ஓடுபாதையில் பளபளவென்று நிற்கும். அல்லது... அதைவிட மோசம், பறந்துகொண்டிருக்கும்போது குருடாகும்.

உள்ளே ஒருத்தன் இருப்பான். அவனுக்கும் ஒரு ராத்தாவோ மனைவியோ கரையில் இருப்பாள்.

என் போன் அடித்தது. ராத்தா.

"மச்சான் எப்ப வாறாராம்?"

"வாறார் ராத்தா."

"கொரல் ஏன் ஒரு மாதிரி இரிக்கி?"

"சிக்னல் சரியில்ல."

பொய். சிக்னல் நன்றாக இருந்தது.

அடுத்தது இன்னும் மோசம். கடலில் செட் என்பது பொதுச் சந்தை. எல்லாப் படகும் கேட்கும். அதனால் எங்கள் தண்டயல்மார் அதில் உண்மை பேசுவதே இல்லை. வலை நிறைந்திருந்தால் 'ஒண்டும் இல்ல' என்பார்கள். வடக்கே நின்றால் தெற்கே என்பார்கள். அன்றும் அதுதான் நடந்தது. யாரோ ஒரு படகு கேட்டது: "நௌஷாத், ஏதும் பிரச்சினையா?"

"ஒண்டும் இல்ல. சும்மா கதைச்ச."

மெசின் செத்தது தெரிந்தால் மானம் போகும். கூட்டிப்போக வருகிற படகு அவருடைய பாரையும் கண்டுவிடும். நான்கு உயிரோடு நின்றுகொண்டு மச்சான் 'ஒண்டும் இல்ல' என்கிறார்!

மஜீத் காக்கா என்னைப் பார்த்தார். நான் செட்டைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் மச்சான் என்னை ஆயுளுக்கும் மன்னிக்க மாட்டார். சொல்லாவிட்டால்... அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மைக்கை எடுத்தேன்.

"எல்லாப் படகுக்கும் சொல்றன். நௌஷாத்ட மெசின் பூட்டிக்கிட்டு. நான்தான் பழுதாக்கின. வாயில் கோடு அவருக்கிட்ட இல்ல. கிட்டவா நிக்கிறாக்கள் யாராவது கூட்டி வாங்க."

செட் இரைந்தது. பிறகு ஒரு குரல் வந்தது — பீற்றர் அண்ணன். கல்முனையில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. மச்சானோடு இரண்டு வருடமாகக் கதை இல்லை. நௌஷாத் தன் படகின் பின்னால் ஒட்டி வந்து தன் பாரைத் திருடிவிட்டான் என்பது அவருடைய வழக்கு.

"நௌஷாத், எங்க நிக்கிறாய்? இந்தத் தரமாவது உண்மையச் சொல்லு."

பிறகு மச்சான் போனைப் பார்த்துத் தன் இடத்தைச் சொன்னார். ஒவ்வொரு இலக்கமாக. எல்லோரும் கேட்கும்படி.

"அங்கேயே நில்லு. வாறன். என்ட பின்னால வாறது உனக்குப் பழக்கந்தானே!"

மஜீத் காக்கா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் துறைமுக வாயிலைக் கடக்க வேண்டியிருந்தது.

நாலு மணி. அலைதடுப்புக் கல்லில் நின்றிருந்தேன். ராத்தா ஆட்டோவில் வந்து இறங்கினாள். யார் சொன்னார்களோ!

"நீதானே அந்த மெசின நோண்டின?"

"ஓம் ராத்தா."

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்தாள். உதடு அசைந்தது; துஆ ஓதுகிறாள் என்று விளங்கியது.

முன்னால் பீற்றர் அண்ணனின் நீலப் படகு. பின்னால், அவர் விட்டுப்போன நுரையிலேயே மிதிப்பதுபோல் மச்சானின் படகு. வாயிலுக்கு நேரே வரும்போது ஒரு அலை எழுந்தது. நீலப் படகு ஏறி இறங்கியது. மச்சானின் படகு... காணவில்லை. தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. ராத்தா என் கையைப் பிடித்த இடத்தில் நகம் பதிந்த அடையாளம் இன்னும் இருக்கிறது.

பிறகு கொடிக்கம்பு தெரிந்தது. பிறகு படகு.

இறங்கிய மச்சான் என்னைத் தாண்டி நேரே பீற்றர் அண்ணனிடம் போனார். இருவரும் கை கொடுத்துக்கொள்ளவில்லை. பீற்றர் அண்ணன் ஒரு பீடியை நீட்டினார். மச்சான் வாங்கினார்.

இப்போது சொல்லுங்கள். மச்சான் உயிரோடு வந்தது எதனால்? ஒருவன் மைக்கை எடுத்து 'எங்கள் மெசின் செத்துவிட்டது' என்று எல்லோரும் கேட்கச் சொன்னதால். எந்த நாட்டின் விமானப்படைத் தளபதி அப்படிச் சொல்வார்? 'எங்கள் விமானங்களுக்குக் கண் தெரியவில்லை, யாராவது கூட்டிப் போங்கள்' என்று? 'ஒண்டும் இல்ல' என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டு அனுப்புவார். எனக்குப் பயம் அந்த இடத்தில்தான்.

புதன்கிழமை கம்பனியின் பதில் வந்தது. மிக மரியாதையான ஈமெயில். கருவியை வாங்கிய பற்றுச்சீட்டு வேண்டுமாம். கடைசியில் ஆறுதலாக ஒரு வரி: கவலைப்பட வேண்டாம், அப்டேட் செய்தபோதே உங்கள் புள்ளிகள் அனைத்தும் எங்கள் சேர்வருக்கு வந்துவிட்டன, அங்கே பத்திரமாக உள்ளன.

பீற்றர் அண்ணனுக்கு மறைத்த பார். எனக்குக்கூட மறைத்த பார். பெயர் தெரியாத ஊரில், முகம் தெரியாத யாரோ ஒருவரின் அலமாரியில்!

அதை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு, "ஒரு கொப்பி வாங்கிட்டு வா" என்றார். வாங்கிக் கொடுத்தேன். மனதில் இருந்த பார்களையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கியிருக்கிறார். பாதிக்கு மேல் ஞாபகம் வரவில்லை. மெசின் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் மறந்துவிட்டாராம்.

வருகிற வெள்ளி, கடல் சம்மதித்தால், ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஒரு பரீட்சை. அன்று கரையில் நிற்கும் படகுகள் கடலுக்குப் போவதில்லை. வாயில் காலியாக இருக்கும். ஸ்கிரீனைச் சாரத்துணியால் மூடிக் கட்டிவிட்டு, கண்ணாலும் மூங்கில் கம்பாலும் ஆழம் பார்த்து ஒரு தரம் வெளியே போய், ஒரு தரம் உள்ளே வருவது. பீற்றர் அண்ணனும் ஏறுகிறார். கம்பைப் பிடித்துக்கொண்டு படகின் முன்முனையில், அணியத்தில், நிற்கப் போவது யார் என்று கேட்டேன்.

"நோண்டினவன் நிக்கட்டும்" என்றார் மச்சான்.

எனக்கு நீந்தத் தெரியாது என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.