என் நூலகத்தில் அவரைத் தேடி வந்தவர்கள்

பெரம்பலூரில் ஒரு கிளை நூலகத்துக்கு நான் நூலகராகப் போனபோது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீடு அரியலூரில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். நூலகம் ஒரு வாடகைக் கட்டடம். முன்னறையில் பேப்பர் மேசை, உள்ளே கதைப் புத்தகங்கள், என் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு இரும்பு பீரோக்கள். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாத புத்தகங்களெல்லாம் அந்த பீரோக்களில்தான் இருந்தன: கலைக்களஞ்சியம், அகராதிகள், அட்லஸ், சட்டக் கையேடுகள். வாசகர் கேட்கும் விவரத்தைத் தேடிக் கொடுப்பது பற்றிய பாடத்தில், பயிற்சி வகுப்பிலேயே நான்தான் முதல் மதிப்பெண். யாராவது வந்து ஏதாவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். வந்தவர்கள் பேப்பர் படித்தார்கள், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தார்கள். என்னிடம் கேட்டது பெரும்பாலும் குடிதண்ணீர் எங்கே என்பதுதான்.

அப்படி இருக்கும்போது அவர் வந்தார். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். பிள்ளைகளின் படிப்புக்காக டவுனில் வீடு கட்டியிருந்தார். சவூதியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்து, முழங்கால் ஆபரேஷனுக்காக ஊருக்கு வந்தவர். காலை நீட்டி உட்கார வசதியாக ஜன்னலோரத்தில் ஓர் இடம் பிடித்துக்கொண்டு இங்கிலீஷ் பேப்பரை வரி விடாமல் படிப்பார். முதலில் எனக்கு அவர்மேல் மரியாதைதான்.

ஒரு மாதத்துக்குள் ஊர் அவரைக் கண்டுபிடித்துவிட்டது. பாஸ்போர்ட் பாரம் நிரப்பத் தெரியாதவர்கள், மகன் துபாயிலிருந்து அனுப்பிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவர்கள், பேங்கிலிருந்து நோட்டீஸ் வந்தவர்கள் எல்லாரும் வாசலிலேயே நின்று, "பாய் இருக்காரா?" என்றார்கள். அதையும் என்னிடம்தான் கேட்டார்கள். "உள்ள இருக்காரு, போங்க" என்று கை காட்டுவேன். காட்டும்போதெல்லாம் வயிறு எரியும்.

உடையார்பாளையத்திலிருந்து ஓர் அம்மா வந்த நாளில் அவர் இன்னும் வந்திருக்கவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையன் சவூதியில் 'ரிக்கர்' வேலை பார்க்கிறானாம். அப்படி என்றால் என்ன என்று கேட்டார். எனக்குக் கிடைத்த முதல் உண்மையான கேள்வி அது. பீரோவைத் திறந்து பெரிய அகராதியை எடுத்து வந்து மேசைமேல் விரித்துப் படித்தேன்.

"கப்பல்ல பாய்மரக் கயிறு கட்டுறவங்க."

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "கப்பல்லயா? தரையில வேலைன்னு சொன்னாங்களே. பொய் சொல்லிப்புட்டாங்களா?"

பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் எப்போது உள்ளே வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. "கப்பல் இல்லம்மா. கிரேன்ல கம்பி மாட்டி இரும்பத் தூக்குறதுக்கு ஆள் வேணும்ல, அந்த வேலை. நல்ல வேலைதான். வெயில்தான் கொஞ்சம் அதிகம். பையன் எந்தக் கம்பெனி? சாப்பாடு கம்பெனி குடுக்குதா, இவனே பொங்கிக்கணுமா? அதக் கேட்டுக்குங்க."

அந்த அம்மா என் அகராதியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் புத்தகத்தை மூடி உள்ளே வைத்துப் பூட்டினேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன விஷயம் என்று கேட்ட கணவரிடம் எதைச் சொல்வது? என் வாசகரை இன்னொருவர் எடுத்துக்கொண்டுவிட்டார் என்றா சொல்வது?

மறுநாளே 'அமைதி காக்கவும்' பலகையைக் கழற்றி, அவர் உட்காரும் ஜன்னலுக்கு நேர் மேலே மாட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "சரிங்க மேடம், தப்புதான். சத்தம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். அதன் பிறகு யாராவது தேடி வந்தால், காலை இழுத்து இழுத்து நடந்து வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போய்ப் பேசினார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். உள்ளே நானும் மின்விசிறியும்தான் இருந்தோம். வெளியே பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன.

சுவரோரமாக உட்கார்ந்து ஒட்டுக்கேட்டேன். அவர் எதற்குமே உடனே பதில் சொல்வதில்லை. "எதுக்குக் கேக்குறீங்க, யாருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பார். வாசகர் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது இன்னொன்றாக இருக்கும் என்று நான் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நான் எழுதியதை அவர் செய்துகொண்டிருந்தார். அது தெரிந்த பிறகு பொறாமை இன்னும் கூடியது.

நோன்பு மாதம் வந்தது. அவர் வரவில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், ஓர் இளம்பெண் குடையை மடக்கிக்கொண்டு வந்து, "பாய் இல்லைங்களா?" என்றாள்.

"இல்ல. நான் இருக்கேன், சொல்லுங்க."

தயங்கிவிட்டு, "பாம்புப் புஸ்தகம் இருக்குதுங்களா?" என்றாள்.

பீரோ பக்கம் போன கையை இழுத்துக்கொண்டேன். "எதுக்குங்க?"

அவள் கேரி பேக்கைப் பிரித்தாள். உள்ளே ஒரு பாம்புச் சட்டை. வெங்காயம் சேமித்து வைத்திருக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் கிடந்ததாம். அங்கேதான் பிள்ளை விளையாடுகிறதாம். கலைக்களஞ்சியத்தின் படங்களை விரித்து வைத்து இருவரும் நெடுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தோம். நீளத்தையும் செதிலையும் வைத்துப் பார்த்தால் சாரை மாதிரிதான் தெரிகிறது, ஆனால் சட்டையை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, பட்டறையைச் சுற்றிச் சுத்தம் செய்யும்வரை பிள்ளையை அங்கே விடவேண்டாம் என்றேன். அவள் முகம் தெளிந்தது. எனக்கு உடம்பே லேசானது போலிருந்தது.

கிளம்பும்போது, "எதுக்கும் பாய் வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுக்குறேங்க" என்றாள்.

பெருநாள் முடிந்த வாரத்தில் அவர் வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். "விசா வந்துடுச்சு மேடம். கால் பரவாயில்ல, உக்காந்து பாக்குற வேலைதான். எனக்காக அல்லாகிட்ட துஆ செய்ங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கக் கொஞ்சம் சிரமப்பட்டேன். பிறகு அவர், "வர்றவங்ககிட்டெல்லாம் சொல்லிட்டேன். இனிமே மேடத்தக் கேளுங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும்னு" என்றார்.

என் வேலையை எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. "சரிங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சொன்னபடியே ஆட்கள் வந்தார்கள். "பாய் உங்களத்தான் கேக்கச் சொன்னாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். பாரங்கள், நோட்டீஸ்கள், மருந்துச் சீட்டுகள், ஒருமுறை ஜப்பான் மோட்டாரோடு வந்த காகிதம். எதற்கு, யாருக்கு என்று கேட்டுக் கேட்டுத் தேடிக் கொடுத்தேன். தெரியாததைத் தெரியாது என்றேன். இரண்டு பீரோக்களும் பகலெல்லாம் திறந்தே கிடந்தன. நான் ஆசைப்பட்ட வேலை அதுதான்.

அதற்கு அடுத்த வருஷம் சிறுவாச்சூர்க்காரர் ஒருவர் பத்திரத்தில் இருந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு வந்தார். சட்டக் கையேட்டில் தேடி விளக்கினேன். அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. எழுந்து நின்று கும்பிட்டார்.

"ரொம்ப நன்றிங்க. பாய் போன் பண்ணா சொல்லிடுறேன்."

"சொல்லுங்க" என்றேன். அவருக்குப் பின்னால் நின்றிருந்தவரை வரச் சொல்லிக் கையசைத்தேன்.