விரலை மட்டும் ஆட்டுங்கள்

அந்தச் சின்னக் கல்லூரியில் அவளை எல்லோரும் ‘எழுத்தறை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சுற்றிலும் வயல், பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குத் தவம் கிடக்க வேண்டிய இடம். பிள்ளைகள் எழுதவும் கம்ப்யூட்டரில் வேலை செய்யவும் உதவுவதற்கு மொத்தக் கல்லூரிக்கும் ஒரே அறை, ஒரே ஆள். வரலாறு படிப்பவன் கட்டுரையோடு வருவான். அவன் எழுந்து போவதற்குள், மண் பரிசோதனைக் கணக்கை அட்டவணையாகப் போடத் தெரியாமல் விவசாயம் படிக்கிற பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பாள். “என்ன எழுதப் போறேன்னு முதல்ல வாயால சொல்லு. அப்புறம் தட்டலாம்” என்பாள் அக்கா. சொல்ல வைத்துவிட்டால் பாதி எழுதியாயிற்று. அதற்காக அவளைப் பொறுமைசாலி என்று நினைத்துவிடாதீர்கள். கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். “என் வண்டிக்காவது பிரேக் இருக்கு” என்பான் பஸ் ஓட்டும் அவள் கணவன்.

கல்லூரிக்கு மதிப்பெண் போட ஒரு குழு வரப்போகிறது என்றதும் முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டர்களைத் துடைக்கச் சொல்லி, பிளாஸ்டிக் உறை மாட்டி, எழுத்தறையைப் பூட்டிச் சாவியைத் தன் மேஜைக்குள் போட்டுக்கொண்டார். குழு பார்த்துவிட்டுப் போகும்வரை ஒரு பிள்ளையும் கைவைக்கக் கூடாதாம். அட, தொடாமல் அழகு பார்க்கவா அதையெல்லாம் வாங்கினார்கள்?

இந்தக் கூத்தில் வசமாக மாட்டிக்கொண்டவள் நர்சிங் கடைசி வருஷம் படித்த ஒரு பெண். கைக்குழந்தைக்காரி. தான் கவனித்துக்கொண்ட ஒரு நோயாளியைப் பற்றி அவள் எழுதிய அறிக்கை, பூட்டிய அறைக்குள் ஒரு கம்ப்யூட்டரில் பாதியில் கிடந்தது. குழு வரும் அன்றைக்கே மாலை ஐந்து மணிக்குள் அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் ஒரு வருஷம் போச்சு. இன்னொரு வருஷமெல்லாம் படிக்க வைக்க முடியாது என்று வீட்டில் மாமியார் கறாராகச் சொல்லியாயிற்று.

அக்கா நேரே முதல்வர் அறைக்குப் போனாள்.

“சார், ரூமைத் திறந்து விடுங்க. அந்தப் பொண்ணோட படிப்பே போயிடும்.”

“ஒரு பொண்ணுக்காக காலேஜ் பேரைக் கெடுக்கச் சொல்றீங்களாம்மா? குழு வந்துட்டுப் போகட்டும்.”

“அவங்க கிளம்பறதுக்குள்ள அஞ்சு மணி ஆயிடும் சார்.”

“அவ முன்னாடியே முடிச்சிருக்கணும்.”

“பூட்டினது யாரு சார்?”

அவர் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். மனுஷன் காதில் ஏறினால்தானே!

குழு வரும் நாள் மதியம்தான் கதவு திறந்தது. பளிச்சென்று உடுத்திய பிள்ளைகளாகப் பொறுக்கியெடுத்து முதல்வர் நாற்காலிகளில் உட்கார வைத்தார். “ஸ்கிரீன்ல காலேஜ் படம் இருக்கும். விரலை மட்டும் ஆட்டுங்க. தப்பித்தவறி எதையும் அழுத்திடாதீங்க” என்று சொல்லிவிட்டு, குழுவை வரவேற்க வாசலுக்கு ஓடினார்.

“நடிச்சது போதும், எழுந்திருங்க” என்றாள் அக்கா. அந்தப் பிள்ளைகள் விட்டால் போதும் என்று எழுந்தார்கள். நர்சிங் பெண்ணையும், அவளைப்போலவே வேலை பாதியில் நிற்கத் தவித்துக்கொண்டிருந்த மற்றவர்களில் சிலரையும் வராந்தாவிலிருந்து உள்ளே இழுத்துப் போட்டாள். “குழுவாவது கிழுவாவது! யார் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

குழு வந்தது. ஒருவரும் எழவில்லை. முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை. குழுத் தலைவர் நர்சிங் பெண்ணின் பக்கத்தில் குனிந்தார்.

“என்னம்மா எழுதறே?”

“ஒரு நோயாளியோட கால் புண் எப்படி ஆறுச்சுன்னு எழுதறேன் சார். அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்” என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

தலைவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. “பிள்ளைங்க நிஜமாவே வேலை செய்யறாங்களே!”

“எங்க காலேஜ்ல தினமும் இப்படித்தான் சார்” என்றார் முதல்வர், வாய் கூசாமல். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நர்சிங் பெண்ணுக்கு நிம்மதியாக ஒரு பத்து நிமிஷம் கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அதுவும் கிடைக்கவில்லை. குழுவை டீ குடிக்க அனுப்பிவிட்டு முதல்வர் பியூனோடு திரும்பி வந்தார். “எல்லாத்தையும் அணைச்சுப் பூட்டு. நாளைக்கு போட்டோ எடுக்க வர்றாங்க.”

நர்சிங் பெண்ணின் அறிக்கை அப்போதுதான் பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பியூன் மெயின் சுவிட்சுக்குக் கை நீட்டினான். அக்கா குறுக்கே புகுந்து, சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

“அணைக்கணும்னா என்னை இழுத்துப் போட்டுட்டு அணைங்க.”

பியூன் கையை இழுத்துக்கொண்டான்.

“உங்க வேலை போயிடும்மா, தெரியுதா?” என்று கத்தினார் முதல்வர்.

“போகட்டும் சார். முதல்ல அவ ரிப்போர்ட் போகட்டும்.”

“அக்கா, போயிடுச்சுக்கா!” என்று அந்தப் பெண் அழுதுகொண்டே எழுந்தாள்.

அதுதான் முடிந்துவிட்டதே, இனி நகர்ந்துவிடுவாள் என்று முதல்வர் காத்திருந்தார்.

“அடுத்தது யாரு? வந்து உக்காரு” என்றாள் அக்கா வராந்தாவைப் பார்த்து, நின்ற இடத்தை விட்டு அசையாமல்.