முதுகு வலியோடு சிறுசேரிக்கும் கோவளத்துக்கும்

வார்டு வேலையை விட்டுவிடுவதென்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன். 2007, ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை. தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக நர்ஸ். இரண்டு மாதம் முன்பு, பக்கவாதம் வந்த ஒருவரைத் தனியாகத் தூக்கி உட்காரவைத்தபோது இடுப்பில் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து குனிந்து செருப்பு மாட்டுவதே பெரிய வேலை. சிறுசேரியில் ஒரு கம்பெனியில், டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு டைப் அடிக்கும் வேலைக்கு நர்ஸ்களை எடுப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்திருந்தேன். பத்தரைக்கு இன்டர்வியூ.

பொழிச்சலூரிலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பினேன். பல்லாவரம் வரை பஸ், அங்கிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில். தாம்பரத்தில் 8.05-க்குக் கேளம்பாக்கம் பஸ் கிடைத்தது. வண்டலூரில் திரும்பி கண்டிகை, மாம்பாக்கம் வழியாக இருபத்தைந்து கிலோமீட்டருக்குமேல் இருக்கும். ஒரு மணி பத்து நிமிடம், ஒன்பது ரூபாய். சாலை அப்போது பல இடங்களில் குண்டும் குழியும். முதுகு வலிக்காரர்கள் தயவுசெய்து பின் சீட்டில் உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன், அனுபவித்தேன். கேளம்பாக்கத்திலிருந்து சிறுசேரிக்கு ஷேர் ஆட்டோ, ஐந்து ரூபாய்.

இன்டர்வியூ நன்றாகவே போனது. ஏசி அறை, சாய்ந்து உட்காரும் நாற்காலி, வார்டைவிடக் கூடுதல் சம்பளம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள்.

வெளியே வரும்போது மணி பன்னிரண்டு. பக்கத்தில் கோவளத்தில்தான் ரேவதி வேலை செய்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. (கேரளத்துக் கோவளம் அல்ல, நம் ஈ.சி.ஆர். கோவளம்.) நர்சிங் பள்ளியில் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். ஒரு தொண்டு அமைப்புக்காக மீனவர் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிக்கிறாள். போன் செய்தேன். "வாங்கக்கா, ஒரு வீடுதான் பாக்கி. முடிச்சிட்டுச் சேர்ந்து சாப்பிடலாம்" என்றாள். கேளம்பாக்கம் திரும்பி, உப்பங்கழியைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவில் பத்து நிமிடம்.

அந்த வீட்டில் முனுசாமி என்பவர் படகில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். நல்ல கனமான மனிதர். மீன் விற்கும் அவர் மனைவி பூங்காவனம் முன்பு அவரைத் தனியாகப் புரட்டிப் புரட்டித் தன் தோளைக் கெடுத்துக்கொண்டாராம். புரட்ட முடியாத நாட்களில் முனுசாமிக்கு முதுகில் புண் வந்துவிட்டது. அதற்குக் கட்டு மாற்றத்தான் ரேவதி வந்திருந்தாள்.

பழக்கதோஷம். பையை வைத்துவிட்டு முனுசாமியின் அக்குளில் கை கொடுத்துக் குனிந்தேன்.

"அக்கா, கையை எடுங்க."

"நாமதான் ரெண்டு பேர் இருக்கோமே?"

"பத்தாது" என்றவள் வாசலுக்குப் போய், வலை சீர்படுத்திக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டாள். "அண்ணா, ரெண்டு பேர் வாங்க."

"தோ வந்துகினே கீறோம்மா."

வந்தவர்கள் யாரும் சொல்லாமலே கை கழுவிக்கொண்டு, முனுசாமிக்கு அடியில் விரித்திருந்த மடித்த போர்வையின் ஓரங்களைப் பிடித்தார்கள். "தூக்காதீங்க, இழுங்க. மூணு சொன்னதும்" என்றாள் ரேவதி. அவர் உடம்பு அலுங்காமல் நகர்ந்து ஒருக்களித்தது.

"நான் இன்னா மீனா, இப்டி இழுக்கிறீங்க?" என்றார் முனுசாமி. எல்லாரும் சிரித்தோம். புண்ணைப் பார்த்தேன். சீழ் இல்லை, சுத்தமான சிவப்பு. ஆறிக்கொண்டிருந்தது.

பகலில் வலை வேலையில் இருப்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து புரட்டிவிடுகிறார்கள். இரவில் மகன்கள். "பத்து நாளா மறுபடி கூடைய தூக்கிகினு வியாபாரத்துக்குப் போறேன். எல்லாம் இந்தப் பொண்ணாலதான்" என்றார் பூங்காவனம்.

சாப்பிடும்போது ரேவதியிடம் கேட்டேன், இவர்களை எப்படி வரவைத்தாய் என்று.

"கேட்டேன்கா, அவ்வளவுதான். மொதல்ல எனக்கும் கூச்சமா இருந்துச்சு. தனியா முடியலைன்னா நல்ல நர்ஸ் இல்லைன்னு நெனச்சிடுவாங்களோன்னு."

எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட அன்று, அடுத்த கட்டிலருகே இன்னொரு நர்ஸ் சார்ட் எழுதிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். ஒன்பது வருடத்தில் நான் யாரையும் கூப்பிட்டதில்லை. அதைப் பெருமையாகவும் நினைத்திருந்தேன். இவளோ ஆறு வருடமாக மணலில் நடந்து, தினம் ஆறேழு வீடு பார்த்து, இடுப்பில் ஒரு வலியும் இல்லாமல், பசியோடு அடுத்த வீட்டுக்குப் போனால் அங்கே தனக்குக் கோபம் வருகிறது என்பதற்காக நேரத்துக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். வார்டில் இனி தனியாகத் தூக்க மாட்டேன் என்றதும், "ஆளுக்கு எங்கம்மா போறது?" என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். ஆள் வரும்வரை கட்டிலருகே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். சிலர் முணுமுணுத்தார்கள். ஆறு வாரம் பிசியோதெரபிக்குப் போனேன். வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் வேலை செய்ய முடிகிறது.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: சிறுசேரி இன்டர்வியூ என்றால் தாம்பரத்தை எட்டேகாலுக்குள் விட்டுவிடுங்கள். திரும்பும்போது ஐந்து மணிக்குமேல் கேளம்பாக்கம் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். டைப் அடிக்கும் வேலை மட்டமானதல்ல. அன்று என்னுடன் இன்டர்வியூவுக்கு வந்திருந்த இருவர் அந்த வேலையில் சேர்ந்து சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆனால் வலிக்காக மட்டும் வார்டை விடுகிறீர்கள் என்றால், முதலில் முதுகை டாக்டரிடம் காட்டுங்கள். வேலை செய்யும் விதத்தை மாற்ற முடியுமா என்றும் பாருங்கள்.

போன மாதம் எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், வேலைக்கு வந்த மூன்றாம் நாள், கனமான ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்று, "யாராவது ஒருத்தர் வாங்க" என்று குரல் கொடுத்தாள். மூன்று பேர் போனோம்.