இளைய மகனின் அம்மா

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றாலே உடம்பு அடித்துப் போட்டது மாதிரி இருக்கும். ராஜபாளையத்தில் பள்ளிக்கூடம் முடித்து, கூட்டத்தில் நசுங்கி பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், எங்கள் சபைப் பெண்களின் வீட்டு ஜெபக்கூட்டத்தில் பேச வேண்டும். டீச்சர் என்றால் பேசத் தெரியும் என்று யாரோ முடிவுகட்டிவிட்டார்கள். விசுவாசம் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டால், முதலில் ஒரு டீ கொடுங்கள் என்பேன்.

அன்றைக்கு இளைய மகன் கதை. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பட்டினியோடு திரும்பியவனை அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாரே, அந்த வேதக்கதைதான். எத்தனையோ தடவை சொன்னது. பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். எனக்கும் கண்ணைச் சொருகியது. அந்த அசதியில் என் வாய் அதுபாட்டுக்கு ஒரு அம்மாவைச் சேர்த்துவிட்டது. அவன் போன பிறகும் தினமும் அவனுக்கும் சேர்த்தே உலை வைத்தாள் என்றேன். தூங்கியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எங்கள் கூட்டத்தில் மடியில் வேதத்தை வைத்திருக்கிற எல்லாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. டீச்சர் சொன்னால் எழுதியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வெள்ளியே ஒருத்தி, “அந்தத் தாய்க்குக் கொடுத்த பொறுமையை எனக்கும் தாரும் ஆண்டவரே” என்று அழுது ஜெபித்தாள். விஷயம் போதகர் காதுக்குப் போயிற்று.

“இல்லாததைச் சேக்கக் கூடாது டீச்சர். நீங்களே சொல்லித் திருத்திருங்க” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அடுத்த கூட்டத்தில் திருத்தினேன். கதையில் அம்மா கிடையாது, நானாகச் சொன்னது என்றேன். அழுது ஜெபித்தவளே எழுந்தாள். அவள் கணவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மகனும் பட்டாளத்துக்குத்தான் போக வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றதில், சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன் இதுவரை ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

“கன்னுக்குட்டிய அடிச்சு விருந்து வச்சாகன்னு எழுதிருக்குல்ல டீச்சர்? ஆக்குனது யாரு?”

எல்லாரும் சிரித்தார்கள். “வேலைக்காரங்க இருந்தாகம்மா” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “அந்த வீட்ல அப்பா ஓடி வந்தாரு. எங்க வீட்ல அவிய, புள்ள வந்தா வாசப்படி மிதிக்கக் கூடாதுங்காக. அப்போ எம்புள்ள வந்தா யாரு ஓடுவா? அந்தக் கதையில நான் எங்கன நிக்க?”

எழுதியதை எழுதியபடியே சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள் நான். அதற்குள்ளே போய் நிற்க இடம் கேட்கிறவளைப் பார்க்க, சொன்னால் வெட்கம், பொறாமையாகக்கூட இருந்தது. ஒரு பாட்டைத் தொடங்கி ஒருவழியாகக் கூட்டத்தை முடித்தேன்.

செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்தாள்.

“வேதத்துல இல்லன்னா போகட்டும் டீச்சர். அந்தம்மா எம்புட்டு வருசம் காத்திருந்தா? உங்களுக்குத்தான தெரியும்.”

நான் எத்தனை வருடம் சொன்னாலும் அத்தனை வருடம் இவள் காத்திருப்பாள். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.