ஆள் இல்லாத ஊருக்கு ஒரு டிக்கெட்

பாரிஸில் ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் விமான டிக்கெட் போட்டுத் தரும் அந்த அண்ணைக்குக் கோடையிலும் கம்பளித் தொப்பிதான். யார் எந்த ஊருக்குப் போவதாகச் சொன்னாலும், கம்ப்யூட்டரைத் தொடும் முன் ஒரே கேள்வி கேட்பார்.

"அங்கை ஆர் இருக்கினம்?"

டொராண்டோ என்றால் தங்கை, கொழும்பு என்றால் மாமா என்று எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கும். நான் கேட்டதோ மெக்சிகோவில் ஒரு சின்னக் கடலோர ஊர்.

"யாரும் இல்லண்ணே. அலைமேல பலகையில நிக்கக் கத்துக்கணும். மத்த நேரம் சும்மா படுத்துக் கிடக்கணும். அவ்வளவுதான்."

"கலியாணம், சாமத்தியச் சடங்கு ஒண்டும் இல்லையோ?"

"இல்லண்ணே."

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அரை மணி நேரம் தேடி, ஒரே இடத்தில் மட்டும் மாறிப் போகும் விமானமாகப் பிடித்துக் கொடுத்தார். டிக்கெட் படிவத்தில் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே தன் நம்பரைப் போட்டிருந்தார். ஏன் என்றேன்.

"ஒருத்தரும் இல்லாத இடத்துக்கெல்லோ போறீங்கள்!" என்றார், கொஞ்சம் கோபமாக.

அங்கே போன மூன்றாம் நாள். பலகையிலிருந்து எத்தனையாவது முறையோ விழுந்து, வாயெல்லாம் உப்போடு மணலில் சந்தோஷமாகக் கிடந்தேன். வாட்ஸ்அப்பில் அண்ணை அழைத்தார்.

"இப்ப அங்கை ஆரையாவது தெரியுமோ?"

"இளநி விக்கிறவரைத் தெரியும்ணே. தினமும் என்னைப் பாத்துக் கை காட்டுவார்."

"அப்ப சரி. இனி அங்கை போறவைக்கு ஆள் இருக்குதெண்டு சொல்லலாம்."